பஷீர் பாயின் பாஸ்வேர்டு

பஷீர் அகமது பாய் பாஸ்வேர்டு அடிக்கிற அழகைக் காசு கொடுத்தாலும் வேறு ஊரில் பார்க்க முடியாது. முதலில் கடைக்குள் இருப்பவர்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து பூப்போட்ட கைக்குட்டையை எடுத்து உதறி, கீபோர்டின் மேல் கூடாரம் போல விரித்து, அதற்குள் வலது கையை விட்டு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்துவார். முடிகிற வரைக்கும் ஒருவரும் அசையக் கூடாது. யாராவது தும்மிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம்.

அந்தப் பாஸ்வேர்டு என்னவென்று அவர் மனைவி ரஜியாவுக்கே தெரியாது. "மனுசன் தூங்கும்போது கூட வாயை இறுக்கி மூடிக்கினுதான் தூங்குறாரு" என்று அந்த அம்மாள் சொந்தக்காரர்களிடம் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. பாய்க்கு அதில் பெருமைதான். "எம் பூட்டத் திறக்க இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்" என்பார். பிறக்கவே வேண்டியதில்லை என்பது அப்போது அவருக்குத் தெரியாது, பாவம்.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் பாய்க்கு இணையக் கடை. கேபிள் டிவி கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஊரெல்லாம் ஒயர் இழுத்தவர், இப்போது அதே கம்பங்களில் கண்ணாடி ஒயர் இழுத்து இணையம் கொடுக்கிறார். கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை வரைக்கும் அவர் லைன் போகிறது. லைன் போய் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டி இருக்கும். சுவிட்ச் என்று பெயர். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, ஒரு லைனில் வரும் இணையத்தை அக்கம்பக்கத்து வீடு கடைகளுக்குப் பங்கு வைக்கிற பெட்டி. யாருக்கு முதல் பந்தி, யாருக்குக் கடைசிப் பந்தி என்பதை அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்தான் முடிவு செய்யும். அதற்குள் போகத்தான் பாஸ்வேர்டு.

பாயிடம் வேலை செய்தவன் சுபாஷ். மணலூர்பேட்டைக்காரன். அப்பாவும் அம்மாவும் நெல் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்ப் படிக்க வைத்த பிள்ளை. கம்பம் ஏறுவான், முடி மாதிரி இருக்கும் கண்ணாடி ஒயரை ஒட்டுவான், மழையில் நனைந்துகொண்டே லைனைச் சரிசெய்வான். பேச்சு மட்டும் வராது. நாலு பேர் கூடிவிட்டால் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்ட மாதிரி நிற்பான். பொய் சொல்லவும் வராது. அதற்கும் பேசித்தானே ஆக வேண்டும்.

அன்று காலை கடைக்குள் நுழைந்தவனிடம் பாய் கையை நீட்டினார்.

"வெள்ளிமலை பெட்டிச் சாவியக் குடு."

"இன்னா பாய் ஆச்சு?"

"இன்னா ஆச்சா? சின்னக்கண்ணு போன் போட்டுக் கத்துறாரு. அவரு கடையிலதான் நம்ம பெட்டியே இருக்குது. அவரு டிவி சுத்திக்கினே நிக்குதாம். ஆனா எதிர்ல இருக்குற இ-சேவை சென்டர்ல லைன் பறக்குதாம். இன்னாடான்னு உள்ள போய்ப் பார்த்தா, அந்த சென்டருக்கு யாரோ முதல் பந்தி போட்டு வெச்சிருக்காங்க. நான் போடல. அப்ப யாரு போட்டது?"

சுபாஷ் முழித்தான். அந்த சென்டரில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவனுக்குத் தெரியும். பாய்க்கும் தெரியும். எலவனாசூர்கோட்டை கந்தசாமியின் மகள் கலையரசி. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கும் சுபாஷுக்கும் நிச்சயதார்த்தம்.

"கூட்டிக் கழிச்சுப் பார்த்தா கணக்கு உன்னாண்டதான்டா வந்து நிக்குது" என்றார் பாய். "நான் மலைக்கு வந்தப்ப பின்னால நின்னுக்கினு கைக்குட்டைக்குள்ள எட்டிப் பார்த்திருக்கே. கட்டிக்கப்போற பொண்ணு மேல ஆசை இருக்கட்டும், வேணாம்னு சொல்லல. அதுக்கு எம் பூட்டா கெடச்சுது?"

"சத்தியமா எனுக்குப் பாஸ்வேர்டு தெரியாது பாய்."

"அப்ப ஜின்னு வந்து மாத்திட்டுப் போச்சா?"

சுபாஷ் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு நின்றான். உண்மை வெளியே வருகிற வரைக்கும் வீட்டில் இரு என்றார் பாய். அவன் மேல் அவருக்குப் பிரியம் உண்டு. ஆனால் பாஸ்வேர்டு மேல் இருந்த பிரியம் அதைவிட ஜாஸ்தி.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கடையில் சொன்ன சொல் டீக்கடைக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறி, மத்தியானத்துக்குள் எலவனாசூர்கோட்டைக்குப் போய்விட்டது. போகிற வழியில் பாஸ்வேர்டு ஏதோ ஒரு விலை உயர்ந்த சாமானாகவும் மாறிவிட்டது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த கந்தசாமி கொடுவாளை வைத்துவிட்டு வருங்கால மருமகனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, நான் தப்பா நெனைக்கல. வயசுக் கோளாறுல எடுத்திருப்பீங்க. அந்தப் பாஸ்வேர்டு எவ்ளோ பெரிசா இருந்தாலும் பரவால்ல, கமுக்கமா திருப்பிக் குடுத்துடுங்க."

"மாமா, அது எடுக்குற பொருளு இல்ல…"

"வித்துட்டீங்களா?" என்றார் கந்தசாமி, பதறிப்போய்.

அரை மணி நேரம் விளக்கியிருக்கலாம். சுபாஷ் நாலு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொண்டான். கடைசியில் கந்தசாமி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கூலி வேல செய்றவங்களுக்குப் பேருதான் மாப்ள சொத்து. கை நீளம்னு பேரு வந்துட்ட எடத்துல பொண்ணக் குடுத்துட்டு நான் எப்படி ஊருக்குள்ள நடக்கறது? பாய் வாயால நீங்க எடுக்கலன்னு சொல்லட்டும். அப்புறம் வெள்ளிக்கிழமையப் பத்திப் பேசுவோம்."

சுபாஷுக்கு வேலை போனதுகூட அவ்வளவாக வலிக்கவில்லை. இது வலித்தது. ஏனென்றால் கலையரசியின் சம்மதம் லேசில் கிடைத்ததில்லை.

பெண் பார்க்கப் போன அன்று இருவரையும் தனியாகப் பேசச் சொல்லிக் கொல்லைப் பக்கம் அனுப்பினார்கள். அவள் கணினி படித்தவள், வெள்ளிமலையில் ஒரு நர்ஸ் அக்காவோடு அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவள். இவனுக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. உனக்கு என்ன பிடிக்கும், என்னைப் பிடித்திருக்கிறதா என்று எத்தனையோ இருக்க, பெரிய யோசனைக்குப் பிறகு, "உங்க சென்டர்ல லைன் நல்லா வருதுங்களா?" என்று கேட்டான். அவள் ஒரு நிமிடம் அவனைப் பார்த்துவிட்டு, "மெதுவாத்தான் வருது" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் அனுப்பியதில் ஒரு தப்பும் இல்லை. நாமாக இருந்தால் யோசிக்கக்கூட மாட்டோம்.

வாரக்கணக்கில் பதிலே இல்லை. பிறகு ஒரு நாள் திடீரென்று, அவளே அப்பாவுக்குப் போன் செய்து சம்மதம் என்று சொல்லிவிட்டாள். ஏன் யோசித்தாள், ஏன் ஒத்துக்கொண்டாள் என்று சுபாஷுக்கு அன்று வரைக்கும் தெரியாது. கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து அவன் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தான். யாரோ வெளியூர்த் திருடன் இணையத்தின் வழியாக உள்ளே புகுந்திருக்கிறான், அந்தப் பெட்டியைப் பார்த்தால் துப்புக் கிடைக்கும் என்பது அவன் எண்ணம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற வளைவுகளில் பஸ் முக்கி முனகியது. அவன் மனதுக்குள் கலையரசியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே போனான். வெள்ளிமலையில் இறங்கியபோது பழகியதில் பாதி மறந்துவிட்டது.

சின்னக்கண்ணு கடையில் சாமை மூட்டைகளுக்குப் பின்னால், சுவரில் தகரப் பெட்டிக்குள் சுவிட்ச் இருந்தது. சாவி பாயிடம். சின்னக்கண்ணு அவனை ஏற இறங்கப் பார்த்தார். மலையில் சாமையும் தேனும் கொள்முதல் செய்து கீழே அனுப்புகிறவர். சாயங்காலம் சீரியல் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"தம்பி, திருடுனதுதான் திருடுன, எங்க கடைக்கும் கொஞ்சம் ஸ்பீடு ஏத்தி விட்டிருக்கக் கூடாதா? மாமியாக்காரிய அரெஸ்ட் பண்ண வந்த போலீசு வாசல்லயே சுத்திக்கினு நிக்குது, உள்ள போவ மாட்டேங்குறான்."

"நான் திருடலண்ணே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. டீ குடி."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எதிரே இருந்த சென்டருக்குள் போனான். சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கலையரசி அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். இருவரும் வாசலுக்கு வந்தார்கள்.

சுபாஷ் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்ததை எல்லாம் சொன்னான். பாய் சாவியை வாங்கியது, அவள் அப்பா போன் செய்தது, வெள்ளிக்கிழமை நிற்கிற நிலைமை. சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தால், அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"முதல் பந்தி போட்டது நான்தான்" என்றாள்.

"நீங்களா?"

"நீங்கதானே எனக்காகத் திறந்து வெச்சீங்க?"

சுபாஷுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சென்டருக்கு லைன் மாட்ட வந்தபோது அவனேதான் ஒரு எண்ணை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தான். லைன் வரவில்லை என்றால் கணினியில் அந்த எண்ணை அடித்துப் பாருங்கள், திரையில் பெட்டியின் பக்கம் வரும், அதில் பச்சை விளக்கு எரிந்தால் எங்கள் லைனில் கோளாறு இல்லை என்று. ஒரு நாள் கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் அவள் அதை அடித்துப் பார்த்தாள். அவசரத்தில் விரல் கீழே இருந்த பொத்தானில் பட்டது. பாஸ்வேர்டு கட்டம் காலியாகவே இருந்தது. ஆனாலும் பெட்டி திறந்துகொண்டது. உள்ளே எல்லாருடைய பெயர்களும் இருந்தன. சென்டரின் பெயருக்கு நேராக முதல் பந்திக்கு ஒரு கட்டம் இருந்தது. தொட்டாள்.

"மலைக்கு அந்தாண்ட இருந்தெல்லாம் நடந்து வராங்க. பாதி படிவம் ஏத்துறதுக்குள்ள லைன் அறுந்துபூடும். திரும்ப நாளைக்கு வாங்கன்னு சொன்னா, அவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. நான் மெதுவா வருதுன்னு சொன்னத நீங்க மனசுல வெச்சிக்கினு, வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லாம, பூட்டு மட்டும் போடாம விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். நானும் வெக்கப்பட்டுக்கினு கேக்கல."

ஒருவன் தன் வாழ்க்கையிலேயே மிக இனிமையான பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அதுவும் தான் செய்யாத காரியத்துக்காக. சுபாஷ் ஒரு மடையன். அந்தச் சமயத்தில்கூட அவன் மூளை கலையரசியை விட்டுவிட்டுப் பெட்டிக்குப் போய்விட்டது.

"பாஸ்வேர்டு போடாமயே திறந்துச்சா? கரண்ட் வந்த உடனேயா?"

"ஆமா. கொஞ்சம் கழிச்சு அடிச்சா திறக்காது, பாஸ்வேர்டு கேக்கும்."

அவனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. கரண்ட் போனால் பெட்டி செத்துப் பிழைக்கிறது. பிழைத்து எழும்போது, லைனைக் கொடுக்கிற பகுதி முதலில் எழுந்துவிடுகிறது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற பகுதி சோம்பல் முறித்துக்கொண்டு பின்னால் வருகிறது. கடை ஷட்டர் தானாகத் தூக்கிக்கொள்ள, காவல்காரன் இன்னும் படுக்கையிலிருந்து எழுந்திருக்காத கதை. அந்த இடைவெளியில் யார் வந்து எதை அடித்தாலும் உள்ளே விட்டுவிடும். மென்பொருள் எழுதியவனின் தப்பு.

உடனே இன்னொன்றும் விளங்கியது. இதை நிரூபித்தால் அவன் பெயர் துடைக்கப்படும், கலையரசியின் பெயர் அடிபடும்.

"வேணாங்க" என்றான். "நானே மாத்துனேன்னு பாயாண்ட ஒத்துக்கிறேன்."

"அப்புறம் எங்கப்பா உங்களுக்குப் பொண்ணு குடுப்பாரா?"

அவன் யோசிக்கத் தொடங்கினான். கலையரசி அதற்குள் அவன் கையிலிருந்த போனை வாங்கிப் பாய்க்கு அடித்துவிட்டாள்.

பாய் தனியாக வரவில்லை. பாஸ்வேர்டின் விலையைக் கேட்டுப் போவதற்காகக் கந்தசாமி அன்று காலையில்தான் கடைக்கு வந்திருந்தார். அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பாய் மலை ஏறினார். இருவரும் சின்னக்கண்ணு கடை வாசலில் இறங்கியபோது, கலையரசி சென்டரின் மடிக்கணினியோடு சாமை மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பாயைக் கேட்காமல் மாற்றியதற்கு மன்னிப்பும் கேட்டாள், சின்னக்கண்ணுவிடம் சீரியலுக்காகத் தனியாக.

பாய் நம்பவில்லை. "பாஸ்வேர்டு இல்லாம எம் பெட்டி திறக்குமாம். இத்த நான் நம்பணுமாம்." தகரப் பெட்டியின் பூட்டைத் திறந்துவிட்டார். மடிக்கணினியை வாங்கி, கைக்குட்டையை உதறி, கூடாரம் போட்டு, கையை உள்ளே விட்டுப் புதிய பாஸ்வேர்டு ஒன்றைக் குத்தினார். கந்தசாமி மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்பத் திற பார்க்கலாம்" என்றார் பாய்.

காத்திருக்க வேண்டியது கரண்ட் போவதற்குத்தான். காக்கை உட்கார்ந்தால் கரண்ட் போகிற ஊர் வெள்ளிமலை. அன்றைக்கென்று பார்த்து விளக்கு குத்துக்கல்லாக நின்று எரிந்தது. டீ வந்தது, ஆறியது. கந்தசாமி கூரையைப் பார்த்தார். சின்னக்கண்ணு மின்சாரக்காரர்களைத் திட்டத் தொடங்கினார். வாழ்நாளில் முதல் முறையாகக் கரண்ட் போகாததற்காகத் திட்டினார். கடைசியில் பொறுமை போய் அவரே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினார்.

பெட்டியில் விளக்குகள் மினுமினுத்தன. பக்கம் வந்தது. கலையரசி எதையும் அடிக்காமல் பொத்தானை மட்டும் தொட்டாள்.

திறந்துகொண்டது.

பாய் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சின்னக்கண்ணு இன்னொரு தடவை மெயினை இறக்கி ஏற்ற, இந்த முறை பாயே தன் விரலால் வாயில் வந்ததை எல்லாம் அடித்தார். திறந்தது. சின்னக்கண்ணுவுக்கும் ஆசை வந்தது. தன் வெள்ளாட்டின் பெயரை அடித்தார். ஆட்டுக்கும் திறந்தது.

"யா அல்லா" என்று பாய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "இத்தன வருசமா கைக்குட்டைய விரிச்சுக்கினு…"

"நம்ம கடையில இருக்குற பெட்டிக்கு இன்வெர்ட்டர் இருக்குது பாய்" என்றான் சுபாஷ் மெதுவாக. "அது சாகறதே இல்ல, அதனால இது தெரியல. இங்க பேட்டரி போயி ரொம்ப நாளாவுது."

பேட்டரி மாற்றச் சொல்லி அவன் எத்தனை தடவை கேட்டிருப்பான், பாய் எத்தனை தடவை அடுத்த மாசம் என்றிருப்பார் என்பதை அவன் சொல்லவில்லை. பாய்க்கே ஞாபகம் வந்து அவர் வேறு பக்கம் பார்த்தார். பிறகு அந்தக் கோபத்தை எல்லாம் சேர்த்து, பெட்டி செய்த கம்பெனிக்குப் போன் போட்டார். எதிர்முனையில் இருந்த பையன் பணிவாக, எங்கள் சோதனைக் கூடத்தில் இப்படி ஒரு பிரச்சினை வந்ததே இல்லை சார் என்றான்.

"உங்க ஊர்ல கரண்டே போவாதா?"

"போகாது சார்."

"குடுத்து வெச்சவன்டா நீ" என்று சொல்லி, நடந்ததை முழுவதும் அவனை எழுதிக்கொள்ளச் சொன்னார். திருத்திய மென்பொருள் அனுப்புகிறோம் என்று அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார். அது வரைக்கும் பாயின் கடையிலிருந்து மட்டும் பெட்டியின் பக்கத்தைத் திறக்கும்படி சுபாஷ் வழியை அடைத்துவைத்தான். பாய் அவன் கையைப் பிடித்துச் சாவியை வைத்து மூடினார்.

"தப்பு என்னுதுதான்டா தம்பி. உன்னப் போயி சந்தேகப்பட்டேனே."

இவ்வளவு நேரமும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கந்தசாமி தொண்டையைக் கனைத்தார். "அப்ப பாய், பாஸ்வேர்டு பத்திரமா இருக்குதுங்களா?"

"பாஸ்வேர்டு பத்திரமாத்தான் இருக்குது. பூட்டுதான் இல்ல."

"மாப்ள எடுக்கல?"

"எடுக்கல. நானே சொல்றேன், எடுக்கல."

கந்தசாமி முகம் மலர்ந்துபோனது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று ஆரம்பித்தார். கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் சுகம். ஆனால் கலையரசி மடிக்கணினியை மூடிவிட்டு, சுபாஷையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க எனக்காகத் திறந்து வைக்கல."

சுபாஷ் திடுக்கிட்டான்.

"நான் ரொம்ப நாளு யோசிச்சேன்" என்றாள், அப்பா இருக்கிறார் என்றும் பார்க்காமல். "இந்த மனுசனுக்குப் பேசவும் தெரியல, சிரிக்கவும் தெரியல, எப்படிக் காலம் தள்றதுன்னு. இது திறந்த அன்னிக்குத்தான் வூட்டுக்குப் போன் பண்ணி சம்மதம்னு சொன்னேன். பேசாட்டி இன்னா, எனக்கு இன்னா கஷ்டம்னு தெரிஞ்சு செஞ்சிருக்காருன்னு நெனச்சேன். கடைசில பார்த்தா, ஆட்டுக்குத் திறந்த மாதிரிதான் எனக்கும் திறந்திருக்குது."

கந்தசாமியின் துண்டு தோளில் பாதியிலேயே நின்றது. நிலைமை கையை விட்டுப் போவதை முதலில் புரிந்துகொண்டவர் பாய்தான். நேற்று வரைக்கும் இவன்தான் திருடன் என்று சாதித்த வாயாலேயே இப்போது மாற்றிப் பேசினார்.

"அப்படிச் சொல்லாதம்மா. அவனே திறந்திருக்கலாம். டேய் சுபாஷு, நீதான்டா திறந்து வெச்சே. ஞாபகப்படுத்திப் பாரு!"

"ஆமான்னு சொல்லிடு தம்பி" என்று சின்னக்கண்ணு அவன் விலாவில் இடித்தார்.

"மாப்ள, எடுத்திருந்தாலும் பரவால்ல மாப்ள" என்றார் கந்தசாமி. பேருதான் சொத்து என்றவர்.

சுபாஷ் மூன்று பேரையும் பார்த்தான். ஒரு சொல் போதும். யாரும் அவனைத் தப்பாக நினைக்கப் போவதில்லை, பாயே மன்னிக்கத் தயாராக நிற்கிறார். அவளை இழந்துவிடுவோமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அந்த வாய்க்கு அது வரவில்லை.

"நான் திறக்கலங்க" என்றான். "எனுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே பாயாண்ட சொல்லி அடைச்சிருப்பேன். சென்டருக்கு ஸ்பீடு பத்தலன்னு பாயாண்ட கேட்டுப் பார்த்திருப்பேன். அவரு குடுக்கலன்னா… திறந்திருக்க மாட்டேங்க."

சின்னக்கண்ணு தலையில் கைவைத்துக்கொண்டார். நிச்சயத்துக்கு முன்னால் பெண்ணிடம் சொல்லக்கூடாதது என்று ஒரு பட்டியல் போட்டால் அதில் முதலில் வரக்கூடியதை இவன் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு, செய்த குற்றத்துக்கு அடி வாங்க வந்தவன் போல நின்றான்.

கலையரசி எழுந்தாள். "அப்பா, அன்னிக்கு நான் போன்ல சொன்ன சம்மதம் செல்லாது. அது இந்தப் பெட்டியப் பார்த்துச் சொன்னது. அத்த வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அம்மா கல…" என்று கந்தசாமி எழுந்தார்.

"இருப்பா. இன்னும் முடிக்கல." அவள் சுபாஷின் முன்னால் வந்து நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன, உதட்டில் சிரிப்பும் இருந்தது. "பெரியவங்க மூணு பேரு பொய் சொல்லு சொல்லுன்னு இடிச்சும், இவருக்கு ஒரு பொய் வரல. இப்படி ஒருத்தரு இருந்தா வூட்டைத் திறந்து போட்டுட்டே எங்க வேணா போலாம். இப்ப சொல்றேன், எழுதிக்கோங்க. எனக்குச் சம்மதம்."

சுபாஷுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும், மறைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், அவன் அழுதான்.